கூடத்தில் ஒரு பூம்புகார்

பிள்ளைகள் ஒன்றுகூடி விளையாடும் ஓசை நம் இல்லங்களில் அருகி வருகின்றது. தாயகத்தில் தெருவும் திண்ணையும் கோயில் முற்றமும் அவர்களுக்கு ஆடுகளமாய் இருந்தன. வடநாட்டு நகரத்து அடுக்கு வீட்டின் மூன்றாம் மாடியிலோ கூடமும் படுக்கையறையுமே உலகம். மே, ஜூன் மாதங்களில் வெளியே அனற்காற்று வீசுகின்றது. ஆகவே ஆளுக்கொரு கைப்பேசியை ஏந்தி, ஆளுக்கொரு மூலையில் அமர்ந்துவிடுகின்றனர். சென்ற கோடையில் நம் இல்லத்து ஒன்பது வயதுச் சிறுவனிடம், "என்னடா செய்கிறாய்?" என்று வினவினோம். தான் ஒரு கடற்கரை நகரில் இருப்பதாகவும், அங்குள்ள தெய்வம் ஒன்று தனக்கு ஒரு பணி இட்டிருப்பதாகவும், அதை முடிக்குமுன் துறைமுகத்தில் மூன்று சிறு விளையாட்டுகளில் வென்றாக வேண்டுமென்றும் அவன் விடையிறுத்தான். விடை முழுவதும் ஆங்கிலத்தில். தலையை நிமிர்த்தவும் இல்லை.

நமக்கு முதலில் சினமே எழுந்தது. அன்று இரவு படுத்த பின்னர்தான், கடற்கரை நகரம், தெருத்தோறும் தெய்வம், வந்தவர்க்கெல்லாம் ஒரு சோதனை, இவையெல்லாம் நாம் எங்கோ படித்தவை ஆயிற்றே என்ற எண்ணம் தோன்றிற்று. படித்த இடம் சிலப்பதிகாரம்.

பையனுடைய விளையாட்டின் பிறப்பு வளர்ப்பை முதலில் விசாரித்தோம். பலரும் எண்ணுவது போல அது கணிப்பொறியில் பிறந்ததன்று. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் எழுதிய மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில் விற்பனைக்கு வந்தன. 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். மேசை மீது பொம்மைப் படைகளை நகர்த்திப் போராடும் பழைய விளையாட்டிலிருந்து அது கிளைத்தது. ஆயினும் ஒரு புதுமை உண்டு. ஆடுபவர் படை முழுவதையும் நடத்துவதில்லை. ஒரே ஓர் ஆளாக மாறிவிடுகிறார். ஒருவர் வாள் வீரர், ஒருவர் மந்திரக்காரர், ஒருவர் கன்னமிடும் கள்வர் என்று வேடம் ஏற்கின்றனர். வேடம் என்றாலும் அரிதாரமோ முடியோ இல்லை. பேச்சினால் மட்டும் பூணும் வேடம். கதையை நடத்துபவர் ஒருவர் தனியே இருப்பார். "உங்கள் எதிரே ஒரு கதவு, அதற்கு அப்பால் யாரோ இருமுகின்ற ஓசை, என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்பார். ஒவ்வொருவரும் தத்தம் செயலை வாயால் உரைப்பர். அச்செயல் கைகூடுமா என்பதை நான்கு முகம் முதல் இருபது முகம் வரையுள்ள பகடைகள் முடிவு செய்யும். காய் நகர்த்தும் பலகை கட்டாயமன்று. வென்றார், தோற்றார் என்ற முடிவும் கிடையாது. கணிப்பொறிக்கு இது பிற்காலத்தில் சென்றபோது பேச்சு குறைந்து படம் மிகுந்தது. நடுநடுவே மீன் பிடித்தல், சூதாடுதல், ஓட்டப் பந்தயம் போன்ற சிறு விளையாட்டுகளும் செருகப்பட்டன.

தஞ்சை, ஆர்க்காட்டுப் பக்கங்களில் தெருக்கூத்து கண்டவர்களுக்குக் கதை நடத்தும் இந்த ஆள் புதியவர் அல்லர். திரைக்கு முன்னே வந்து, "வருவது யார்? எந்த நாட்டு மன்னர்?" என்று கேட்டு, கதையையும் நடத்தி, அவையையும் சிரிக்க வைக்கும் கட்டியங்காரனே அவர். ஆகவே அப்பெயரையே நாம் வைத்துக்கொண்டோம்.

மேல்நாட்டார் தம் விளையாட்டுக்கென்று படைத்துள்ள கடற்றுறை நகரங்கள் பல. அவற்றுள் லாங்க்மார் என்பது பழமையானது. பிரிட்ஸ் லைபர் என்ற அமெரிக்க எழுத்தாளர் தம் கதைகளில் படைத்த கற்பனை நகரம் அது. ஆறு ஒன்று கடலொடு கலக்குமிடத்தில் அமைந்தது. லைபரும் அவர் நண்பர் ஹாரி பிஷரும் 1937-ஆம் ஆண்டிலேயே அந்நகரை வைத்து ஒரு பலகை விளையாட்டு வகுத்தனர். 1976-இல் அது திருத்தப்பெற்று அச்சில் வந்தது. அந்நகரில் தெய்வங்களுக்கென ஒரு தெரு உண்டு. புதிய தெய்வம் தெருவின் கீழ்க்கோடியில் கடை விரிக்கும். அடியார் கூட்டம் பெருகப் பெருக மேற்கோடிக்கு ஏறும். கூட்டம் குறைந்தால் மீண்டும் கீழிறங்கும். நகைச்சுவை மிக்க கற்பனை. தெய்வத்தையும் வணிகச் சரக்காகக் கண்டு எள்ளி நகையாடும் கூர்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் புகார் நகரத்துத் தெய்வங்களின் போக்கு வேறு. அவற்றை நெருங்கிக் காணுங்கால், விளையாட்டுக்கு அவையே மிக ஏற்றவை என்று நமக்குப் பட்டது.

காவிரி கடலொடு கலக்குமிடத்தில் இருந்தமையால் அந்நகருக்குப் புகார் என்றும் காவிரிப்பூம்பட்டினம் என்றும் பெயர். கடலை அடுத்த பகுதி மருவூர்ப்பாக்கம். உள்ளே அமைந்தது பட்டினப்பாக்கம். இரண்டற்கும் நடுவே, வரிசையாக நின்ற மரங்களையே தூண்களாகக் கொண்டு, நாளங்காடி என்னும் பகற்கடைத்தெரு. அங்கே ஒரு காவற்பூதம். மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கைகள். வண்ணமும் சுண்ணமும் விற்போர், மீன் விற்போர், உப்பு விற்போர், பொற்கொல்லர் எனப் பலர் வாழும் வீதிகள். இரவில் கடற்கரையில் ஒவ்வொரு பண்டம் விற்பவரும் ஒவ்வொரு விளக்கு ஏற்றுவர். வேற்றுமொழி பேசும் நாட்டினர் ஏற்றிய, விடியும் வரை அணையாத விளக்குகளையும், கலங்களைக் கரைக்கு அழைக்கும் கலங்கரை விளக்கத்தையும் இளங்கோவடிகள் எண்ணிச் சொல்கிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகள் கொண்டது. அதில் கடல் வழியே குதிரைகளும், வண்டிகளில் மிளகுப் பொதிகளும், ஈழத்து உணவும், கங்கை நாட்டு விளைபொருளும் வந்து குவிகின்றன. சுங்கம் கொள்வோர் பொதிகளின் மீது சோழனின் புலி முத்திரை பொறிக்கின்றனர். தம் நாடு விட்டு வந்து, பல மொழி பேசி, கலந்து இனிது வாழ்ந்த மக்களையும் அப்புலவர் பாடியிருக்கிறார். இன்று நம்மைக் குறிக்க வழங்கும் 'புலம்பெயர்' என்ற சொல் அங்கே அவர்களைக் குறிக்க வந்திருக்கிறது. இருபது ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்த பின் அப்பகுதியைப் படித்தால் முன்பு படித்ததினின்றும் வேறாக இருக்கிறது என்பதை மட்டும் கூறி மேற்செல்வோம்.

இனி ஐவகை மன்றங்கள். ஒரு விளையாட்டுக்காரர் உட்கார்ந்து வகுத்தாலும் இவற்றினும் சிறந்தன வகுத்தல் அரிது. வெள்ளிடை மன்றத்தில் வணிகரின் பொதிகள் பெயரும் அளவும் பொறித்துக் கிடக்கின்றன. தாழ் இல்லை, காவலன் இல்லை. ஆயினும் எவனாவது திருடினால் அச்சுமை அவன் தலையிலேயே ஏறிக் கழுத்து நோக அவனைச் சுற்றிச் சுற்றி அலைய வைக்குமேயன்றி வெளியே விடாது. இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் மூழ்கி வலம் வந்தால் கூனும் குறளும் ஊமும் செவிடும் தொழுநோயும் நீங்கும். நெடுங்கல் நின்ற மன்றத்தில், நஞ்சுண்டு நடுங்குவோரும், பித்தேறியோரும், பேய் பிடித்தோரும் தொழுது வலம் வந்து தெளிவு பெறுவர். பாவை மன்றத்துப் பாவை பேசாது. அரசன் செங்கோல் கோணினாலும், நீதி அவை ஒரு பக்கம் சாய்ந்தாலும் கண்ணீர் வடிக்கும். ஐந்தாவது பூதசதுக்கம். நான்கு காதத் தொலைவு கேட்குமாறு முழங்கி, பொய்த் தவசியையும், அறம் பிழைத்த அமைச்சனையும், பிறன்மனை நயப்போனையும், புறங்கூறுவோனையும், பொய்ச்சாட்சி சொல்வோனையும் பாசக்கயிற்றால் கட்டி உண்ணும் பூதம் அங்கே இருக்கின்றது.

லாங்க்மாரில் தெய்வங்களுக்கு மக்கள் தேர்வு வைக்கின்றனர். புகாரில் தேர்வு மக்களுக்கு.

நோன்பிருந்து வரம் கேட்கும் இடங்களும் உண்டு. சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதால் பிரிந்த கணவன் திரும்புவான் என்று தேவந்தி எடுத்துரைக்கிறாள். கண்ணகியோ அது தனக்குப் பெருமையன்று என மறுக்கிறாள். விளையாட்டில் இதை ஒரு விதியாகவே வைத்தோம்: தெய்வம் தரும் எதையும் வேண்டாமென்று கூற ஆடுபவருக்கு உரிமை உண்டு.

தெய்வ வேடம் பிள்ளைகள் ஏற்கலாமா என்று சில அன்பர்கள் ஐயுறலாம். மாதவி ஆடிய பதினோராடலை நினைவூட்டுகிறோம். சிவபெருமானின் கொடுகொட்டியும், கண்ணனின் அல்லியமும், கடலலையை அரங்காக்கி முருகன் சூரனை வென்று ஆடிய துடியும், கொற்றவையின் மரக்காலும் புகார் நகரத்து நாடக மகள் ஒருத்தி அத்தெய்வங்களாகவே நின்று ஆடியவை. இங்கே நம்மைச் சூழ நடக்கும் ராமலீலையில் இராமனாகவும் சீதையாகவும் வேடமிடும் சிறுவரை மக்கள் வணங்குவதையும் காண்கிறோம். ஆயினும் தெய்வத்தின் வாக்கைக் கட்டியங்காரன் ஒருவனே உரைக்க வேண்டும் என்று வரையறுத்துக்கொண்டோம். அதற்குப் பக்தி மட்டும் காரணமன்று. அந்த உரிமையைப் பிள்ளைகளிடம் விட்டால் ஒவ்வொரு தெய்வமும் தத்தமக்கே வரம் கொடுத்துக்கொள்ளும்!

கதைக்கு மணிமேகலை துணை செய்தது. இந்திர விழா இருபத்தெட்டு நாள் நடைபெறுவது. விழாவை மறந்தால் நாளங்காடிப் பூதம் இடும்பை செய்யும். சதுக்கப்பூதம் ஊரை விட்டு நீங்கும் என்ற அச்சம் இருந்தது. நெடுமுடிக்கிள்ளி கலம் கவிழ்ந்து காணாமற்போன தன் மைந்தனைத் தேடும் துயரில் விழாவை மறந்தான். மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் கடல் நகரைக் கொண்டது. நம் விளையாட்டு, மன்னன் மறந்த அந்த ஆண்டில் தொடங்குகிறது. விழாத் தொடங்கும் முறையைச் சிலப்பதிகாரம் படிப்படியாகச் சொல்கிறது: வச்சிரக் கோட்டத்து முரசை எடுத்து யானையின் பிடரியில் ஏற்ற வேண்டும், வெள்யானைக் கோட்டத்தில் விழாவை அறிவிக்க வேண்டும், தருநிலைக் கோட்டத்தில் கொடி ஏற வேண்டும். அரண்மனை செய்யாத இப்பணியை நகரத்து எளிய மனிதர் நால்வர் முழுமதிக்கு முன் செய்து முடித்தல் வேண்டும். இல்லையேல் கடல் வரும். கோவலன், கண்ணகி வேடங்களை நாம் விலக்கிவிட்டோம். அவர்களுடைய முடிவு எழுதப்பட்டுவிட்டது. அதில் ஆடுவதற்கு இடமில்லை.

பகடைக்கு நாம் எதுவும் வாங்கவில்லை. நான்கு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெளுப்பாக்கினோம். தாயம் ஆடியவர்களுக்கு இது தெரிந்த வித்தையே. இருபது முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணும் விழும் வாய்ப்பு ஒன்றே. புளியங்கொட்டை அப்படியன்று. நான்கும் விழும் வகை 16. அவற்றுள் நான்கும் வெளுப்பாக விழுவது 1. மூன்று வெளுப்பு 4. இரண்டு வெளுப்பு 6. ஒன்று வெளுப்பு 4. நான்கும் கறுப்பு 1. ஆகவே இடைப்பட்டதே அடிக்கடி நிகழும். இரண்டோ அதற்கு மேலோ வெளுத்தால் செயல் கைகூடிற்று என்று வைத்தோம். பதினாறில் பதினொரு முறை அது கிட்டும். நான்கும் வெளுத்தால் தெய்வம் துணை நின்றது; நான்கும் கறுத்தால் ஏதோ ஒரு விபரீதம். நம் மூத்த பெண் எட்டாம் வகுப்புக் கணக்கை இதில் கற்றாள் என்பது எதிர்பாராத வரவு.

சிறு விளையாட்டுகளுக்கும் பஞ்சமில்லை. சுங்கச் சாவடியில் பொதி எண்ணும் கட்டம் வந்தால் பல்லாங்குழி. கடற்கரையில் ஒருவரை ஓடிப்பிடிக்க வேண்டுமானால் ஆடுபுலி ஆட்டம். மாளிகைப் பெண்களிடம் செய்தி அறிய வேண்டுமானால் அம்மானை. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானையும் பந்தும் ஊசலும் பாட்டோடு வருகின்றன. அம்மானையில் காய்களை மேலெறிந்து பிடித்துக்கொண்டே ஒருத்தி வினவ, அடுத்தவள் விடைகூற, அவ்விடையைப் பற்றி மற்றொரு வினா எழும். நாம் காய்களுக்கு எலுமிச்சம்பழம் கொண்டோம். எறிந்த பழம் கீழே விழுமுன் தமிழில் விடை வர வேண்டும். மூன்று நாளில் இரண்டு பழங்கள் சோபாவின் அடியில் மறைந்து, ஒரு வாரம் கழித்து மணத்தால் தம்மை அறிவித்தன.

இத்தனையும் ஏற்பாடு செய்த பின், முதல் மாலையில் நாமே கட்டியங்காரனாக அமர்ந்தோம். ஆடியவர் நால்வர். மூத்த பெண் உப்பு விற்கும் உமணப் பெண். பையன் சுங்கக் காவலன். மேல்மாடித் தமிழ்க் குடும்பத்துப் பெண் யாழ் கற்கும் மாணவி. நான்காமவன் எதிர்வீட்டுப் பஞ்சாபிச் சிறுவன். பையனின் பள்ளித் தோழன். அவனுக்குத் தமிழில் 'இட்லி', 'போடா' என்னும் இரண்டு சொற்களே தெரியும். அவனை விலக்குவதா என்று தயங்கினோம். "அவன் யவனன், கப்பலில் இருந்து இப்போதுதான் இறங்கினான், அவனுக்கு எப்படித் தமிழ் தெரியும்?" என்று மூத்த பெண் கேட்டதும் வாயடைத்துப் போனோம்.

அம்முதல் மாலை அரை மணி நேரத்தில் கலைந்தது. பிழை நம்முடையதே. பையன், "நான் அந்த மூட்டையை ஓபன் பண்றேன்" என்றான். 'திறக்கிறேன்' என்று சொல்லப் பணித்தோம். "தெறக்கறேன்" என்றான். அதையும் திருத்தினோம். ஐந்தாம் முறை திருத்திய பின் அவன் பேசுவதை நிறுத்தினான். சற்று நேரத்தில் கைப்பேசி அவன் கைக்கு வந்துவிட்டது. மொழியைக் கற்பிக்கும் ஆவலில் விளையாட்டைக் கொன்றோம்.

இரண்டாம் மாலை நம் தாயார் கட்டியங்காரர் ஆனார். அகவை எழுபத்து நான்கு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். இளமையில் கூத்துப் பார்க்க இரவெல்லாம் விழித்தவர். புகாரைப் பற்றிய பகுதிகளை முன்னிரவில் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தோம். அவர் யாருடைய பேச்சையும் திருத்தவில்லை. பையன் ஆங்கிலச் சொல்லொன்றைக் கலந்தால், "அப்படி ஒண்ணு இந்த ஊர்ல கிடையாதே, என்னடா அது?" என்று சுங்கக் கணக்கராகவே நின்று வியப்பார். அவன் விளக்கியாக வேண்டும். விளக்கத் தமிழ் தேடுவான். யவனன் இந்தியில் கேட்டதை உமணப் பெண் மொழிபெயர்த்தாள். அதற்குக் கூலியாக ஒரு படி மிளகு வாங்கினாள். அன்று இரவு பத்து மணிக்கு மேல் விளக்கணைக்கப் படாதபாடு பட்டோம்.

மூன்றாம் மாலை நிகழ்ந்ததற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நால்வரும் வச்சிரக் கோட்டத்தை அடைந்தனர். முரசு இருந்தது, அதை அடிக்கும் குணிலைக் காணோம். யாரோ அதை ஒரு பொதியில் மறைத்து நகருக்கு வெளியே அனுப்பிவிட்டனர். அப்பொதி புலி முத்திரை இல்லாமலே சாவடியைக் கடந்திருந்தது. முந்தைய மாலையில் சுங்கக் காவலனாகிய நம் பையன் நான்கு பொற்காசு வாங்கிக்கொண்டு ஒரு பொதியைக் கண்டும் காணாமல் விட்டது நம் தாயாருக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும். தாயார் நால்வரையும் பூதசதுக்கத்துக்கு அழைத்துச் சென்றார். குரலை மாற்றினார். "முத்திரையில்லாத பொதியை விட்டது யார்?" என்றார்.

பையன் உடனே எதிர்வீட்டுச் சிறுவனைக் காட்டி, "அவன்தான். யவனன்தான் எடுத்துண்டு போனான்" என்றான்.

யவனனுக்குச் சொல் விளங்கவில்லை, விரல் விளங்கிற்று. "நஹீ, நஹீ" என்றான். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சுற்றி எல்லோருடைய முகத்தையும் பார்த்தான். அந்தப் பார்வை நமக்குப் புதியதன்று. இந்நகருக்கு வந்த முதல் ஆண்டில், குடியிருந்த வீட்டில் ஏதோ ஒரு பொருள் காணாமற்போனபோது, மொழி தெரியாத காரணத்தால் நாம் மறுமொழி கூற முடியாமல் நின்றதுண்டு. அதை நாம் பிள்ளைகளிடம் ஒருபோதும் கூறியதில்லை.

பையன் புளியங்கொட்டையை எடுத்தான். "இங்கே கொட்டை கிடையாது" என்றார் தாயார். மேலாக்கின் முனையை அவன் தோளைச் சுற்றிப் போட்டு, "பாசம் விழுந்தது" என்றார்.

எவரும் எதிர்பாராத வகையில் மூத்தவள் எழுந்தாள். "அவனை விட்டுடு. அவனுக்குப் பதில் என்னை எடுத்துக்கோ" என்றாள். அவள் சிலப்பதிகாரம் படித்தவள் அல்லள். அடைக்கலக் காதையில் மாடலன் கூறும் செய்தி அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கற்புடைய பெண்ணொருத்தி மீது பொய்ச்சாட்சி கூறியவனைச் சதுக்கப்பூதம் கட்டிற்று. அவன் தாயின் அழுகையைப் பொறாத கோவலன், தானே அப்பாசத்துள் புகுந்து, என்னுயிரைக் கொண்டு இவனை விடு என்று வேண்டினான். கீழ்மகன் உயிர்க்கு ஈடாக நல்லவன் உயிரைக் கொள்ளும் வழக்கம் எனக்கில்லை என்று மறுத்த பூதம், அவன் கண்ணெதிரே குற்றவாளியை உண்டது. கோவலன் அக்குடும்பத்தைப் பின்னர்ப் பல்லாண்டு புரந்தான். நம் தாயாருக்கு இக்கதை தெரியும். இரு நாள் முன்புதான் கேட்டிருந்தார்.

"உன்னை நான் கேக்கலை" என்று பூதம் மூத்தவளிடம் கூறிற்று. நூலின்படி அடுத்து நிகழ வேண்டியது யாதென்று நாம் அறிவோம். ஒன்பது வயதுப் பிள்ளை அழத் தொடங்குவான் என்றும் அறிவோம். குறுக்கிட வாயெடுத்தோம், தாயார் கையமர்த்தினார். பூதம் அவனை உண்ணவும் இல்லை, விடவும் இல்லை. காத்திருந்தது. மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது.

"பாட்டி, நான்தான் விட்டேன்" என்றான் பையன். பொதியைக் கொண்டுவந்தவன் யார், எந்த நேரம், எத்தனை காசு, காசை எங்கே ஒளித்தான் என்பதையெல்லாம் நிறுத்தாமல் சொன்னான். தமிழ் தட்டுத்தடுமாறிற்று, ஒருவரும் திருத்தவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? அவன்கிட்ட சொல்லு" என்றார் தாயார்.

பையன் தோழனை நோக்கித் திரும்பினான். தவறு தன்னுடையது என்பதையும், பெயரைப் பொய்யாகச் சொன்னதையும் இந்தியில் சொன்னான். வேறு எந்த மொழியில் சொல்வான்? எதிர்வீட்டுச் சிறுவன் சிறிது யோசித்து, நான்கு பொற்காசில் இரண்டு தனக்கு வேண்டுமென்றான். வழக்கு அவ்வாறு முடிந்தது. மேலாக்கு விலகிற்று. தமிழுக்கென்று தொடங்கிய விளையாட்டில் முக்கியமான பேச்சு இந்தியில் நிகழ்ந்ததே என்று இரவு நாம் மெல்லக் குறைப்பட்டோம். "பூதத்துக்கு இந்தி தெரியாதுன்னு யார் சொன்னா?" என்று கூறிவிட்டுத் தாயார் உறங்கிப் போனார்.

முயல விரும்பும் இல்லத்தாருக்கு ஓரிரு குறிப்புகள். ஆடுவோர் மூவர் முதல் ஐவர் வரை போதும். மிகுந்தால் தம் முறைக்குக் காத்திருப்போர் சலிப்படைவர். ஒரு மாலைக்கு இரண்டு மணி நேரம் அளவானது. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையும் கடலாடு காதையும், மணிமேகலையில் விழாவறை காதையும், பட்டினப்பாலையும் உரையோடு கிடைத்தால் ஊர் முழுவதும் கிடைத்துவிடும். கட்டியங்காரராக வீட்டில் மூத்தவரை அமர்த்துவது நலம். அவர் நூலினின்றும் சற்று விலகினால் விட்டுவிடலாம். நாம் கண்டவரை அவர் விலகுமிடத்தில்தான் கதை சூடு பிடிக்கிறது. கடலைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு, இன்றும் மயிலாடுதுறை மாவட்டத்தில் பூம்புகார் என்ற ஊர் இருப்பதையும், அருகே கீழையூரில் அகழ்ந்தபோது படகுத்துறையின் செங்கற் கட்டடம் வெளிப்பட்டதையும் கூறலாம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியதைக் கேட்ட நம் பையன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அங்கே அழைத்துச் செல்ல வேண்டுமென்று பின்னர்க் கேட்டுக்கொண்டான். கைப்பேசி விளையாட்டை அவன் விட்டுவிட்டானா என்று கேட்கும் அன்பர்களுக்கு: விடவில்லை.

பள்ளி திறந்துவிட்டமையால் ஆட்டம் இப்போது ஞாயிறுதோறும் மட்டும். குணில் இன்னும் அகப்படவில்லை. முழுமதிக்கு ஐந்து நாள் இருப்பதாகத் தாயார் கணக்கு வைத்திருக்கிறார்; அக்கணக்கு அவர் விருப்பம்போல் நீள்வதும் உண்டு. எதிர்வீட்டுச் சிறுவன் பள்ளிவிட்டு வரும்போது படியிலேயே நின்று, "பாட்டி, கடல் எங்கே வந்துச்சு?" என்று நாள்தோறும் கேட்கிறான். "நாளங்காடிக்குப் பக்கத்துல வந்துடுச்சு, சீக்கிரம் வா" என்று உள்ளிருந்து விடை போகிறது.